முதல் தடவை இயங்கும்போதே தன்னை அமைத்துக்கொள்ளும் வழங்கி: மன்னாரின் சிறு அமைப்புகளுக்கு ஒரு வழிகாட்டி

மன்னாரில் இயங்கும் ஒரு செய்தித் தளமோ, கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கு மென்பொருளோ மன்னாரில் உள்ள கணினியில்தான் இருக்கவேண்டும் என்றில்லை. சிங்கப்பூரிலோ மும்பையிலோ மாத வாடகைக்கு எடுத்த லினக்ஸ் வழங்கியில் அது இருக்கலாம். அமேசன் தனது கிளவுட் நிலையங்களைச் சிங்கப்பூரில் 2010 இலும் மும்பையில் 2016 இலும் திறந்தது.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. சிறிய அமைப்புகளில் அந்த வழங்கியை எப்படி அமைத்தார்கள் என்பது பெரும்பாலும் ஒருவருக்கு மட்டுமே தெரியும். அவர் கொழும்புக்கோ கனடாவுக்கோ போன பிறகு வழங்கி பழுதானால், அதை மீள எழுப்ப ஆளிருக்காது. அவர் தலையில் இருப்பதை ஒரு கோப்பில் எழுதிவைக்க உதவுவதே ‘கிளவுட்-இனிட்’.

எப்படி இயங்குகிறது?

உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனத்தில், அமேசன் கிளவுட்டுக்காக உருவான திறந்த மூல மென்பொருள் இது. இன்று டெபியன், ரெட் ஹட், சுசே ஆகியவற்றின் கிளவுட் பிரதிகளிலும் உண்டு.

வாடகைக்குக் கிடைக்கும் வழங்கிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த பிரதிகள். முதல் தடவை இயங்கும்போது கிளவுட்-இனிட் தனது பெயர், வலையமைப்பு விவரம், நாம் கொடுத்த அறிவுறுத்தல் கோப்பு ஆகியவற்றைக் கேட்டுப் பெறுகிறது. அமேசன் உட்படப் பல நிறுவனங்களில் இதற்கான முகவரி 169.254.169.254. பின்னர் வலையமைப்பு, பயனர்கள், மென்பொருட்கள், இறுதியாக நமது கட்டளைகள் என்று வரிசையாக முடிக்கிறது.

கோப்பில் என்ன எழுதுவது?

கோப்பு யாமல் வடிவில் அமையும். முதல் வரியில் # குறியை அடுத்து, இடைவெளி விடாமல் ‘கிளவுட்-கான்ஃபிக்’ என்று ஆங்கிலத்தில் இருக்கவேண்டும். அதில் பிழைத்தால் கீழேயுள்ள எதுவும் நடக்காது. உள்தள்ளலுக்கு டாப் விசை கூடாது, இடைவெளி மட்டுமே. அதன் பின் பயனர் பெயர், எஸ்.எஸ்.எச். பொதுச் சாவி, கடவுச்சொல் நுழைவை மூடுதல், பாதுகாப்பு இற்றைப்படுத்தல், கொழும்பு நேர வலயம், தேவையான மென்பொருட்கள் ஆகியவற்றை எழுதலாம். கோப்பைச் சரிபார்க்க கிளவுட்-இனிட்டிலேயே ‘ஸ்கீமா’ என்ற கட்டளை உண்டு.

மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, பெரும்பாலான வேலைகள் முதல் தடவை மட்டுமே நடக்கும். பின்னர் கோப்பைத் திருத்தி வழங்கியை மீள இயக்கினாலும் மாற்றம் வராது. புதிய வழங்கியை எழுப்பிப் பழையதை நீக்குவதே முறை.

இரண்டாவது, கோப்பில் கடவுச்சொற்களை எழுதவேண்டாம். வழங்கிக்குள் புகுந்தவர் அதை வாசிக்கலாம். 2019 இல் அமெரிக்காவின் கேப்பிட்டல் வன் வங்கியில் சுமார் 10 கோடிப் பேரின் விவரங்கள் களவு போனபோது, தாக்கியவர் அணுகல் சாவிகளைப் பெற்றது மேற்கண்ட முகவரியின் வழியாகத்தான். அதே ஆண்டில் அமேசன் அந்தச் சேவையின் பாதுகாப்பான இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தது. வழங்கியை எடுக்கும்போது அதைக் கட்டாயமாக்குங்கள்.

மூன்றாவது, இந்தக் கோப்பு வழங்கியை மீட்கும், தரவை மீட்காது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் கிளவுட் மீது நடந்த பணயத் தீநிரல் தாக்குதலில், ஏறக்குறைய 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. காப்புப் பிரதியும் தாக்குதலுக்கு உள்ளானதே காரணம். எனவே ஒரு பிரதியை வழங்கியோடு தொடர்பில்லாத இடத்தில் வையுங்கள்.

ஒரு சோதனை

கோப்பை அமைப்பின் பொதுக் கணக்கில் சேமியுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதை எழுதாத இன்னொருவர் அந்தக் கோப்பையும் காப்புப் பிரதியையும் மட்டும் வைத்துப் புதிய வழங்கியை எழுப்பிப் பார்க்கட்டும். சில மணிநேர வாடகைதான் செலவு. அவரால் முடிந்தால், எழுதியவர் ஊரைவிட்டுப் போனாலும் தளம் நிற்காது.