சூரஞ்சான்: ஒரு கிழங்கும் அதன் அளவும்

நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் மாமா ஒருவர் வீட்டுக்கு வந்தார். வயது 74. சேட் பையிலிருந்து ஒரு குளிசைக் கார்டை எடுத்து மேசையில் வைத்தார். கவுட் வருத்தத்துக்கு எப்போதோ கொடுத்த கொல்ச்சிசின்.

"மருமகன், இதுல தினமும் ஒண்டு போட்டா ஹார்ட் அட்டேக் வராதாம், வயசு போறதும் தெரியாதாம். போன்ல வந்தீக்கிது. இப்னு ஸீனா ஆயிரம் வருஷத்துக்கு முந்தியே செல்லீக்கிறாராம். நீங்கதானே யூனானி பத்தி எழுதுறீங்க, இது சரியா?"

எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது. இப்னு ஸீனாவின் பெயரைச் சொல்லி இதே பெருமையை ஒரு கூட்டத்தில் நானும் பேசியவன்தான். மாமாவுக்குக் கொடுக்க வேண்டிய பதில் அந்தப் பெருமைக்குள் இல்லை. அந்த மருந்தின் வரலாற்றுக்குள் இருக்கிறது.

கொல்ச்சிசின் ஒரு கிழங்கிலிருந்து வந்தது. அரபு, பாரசீக வைத்திய நூல்கள் அந்த இனக் கிழங்கைச் சூரஞ்சான் என்கின்றன. கிரேக்க வைத்தியர் தியோஸ்கொரிதீஸ் முதலாம் நூற்றாண்டிலேயே இதைக் கொல்லும் நஞ்சு என்று எச்சரித்துவிட்டார். ஆறாம் நூற்றாண்டில் திரால்லெஸ் ஊரைச் சேர்ந்த அலெக்சாந்தர் இதே வகைக் கிழங்கை மூட்டு வலிக்குக் கொடுத்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் தியோஸ்கொரிதீஸின் நூல் பக்தாதில் அரபுக்கு வந்தது. ஆக, நஞ்சு என்ற எச்சரிக்கையும் மருந்து என்ற அனுபவமும் நம் ஹகீம்களின் கைக்கு வந்து சேர்ந்தன. இப்னு ஸீனா தமது 'அல் கானூன் ஃபித் திப்' நூலில் சூரஞ்சானை மூட்டு நோய்க்குரிய மருந்தாகவே பேசுகிறார். இருதய நோய்க்கோ முதுமையைத் தள்ளிப்போடவோ அவர் அதைக் கொடுக்கவில்லை.

யூனானி மரபு இன்னொரு காரியமும் செய்தது. இனிப்புச் சூரஞ்சான், கசப்புச் சூரஞ்சான் என்று இரண்டாகப் பிரித்தது. இனிப்பை உள்ளுக்கும், நஞ்சு கூடிய கசப்பை வெளிப்பூச்சுக்கும் வைத்தது. ஹப்பே சூரஞ்சான், மாஜூன் சூரஞ்சான் என்ற பெயர்களை இன்றும் யூனானி வைத்தியசாலைகளில் கேட்கலாம். நான் பெருமைப்பட வேண்டியது இந்த நிதானத்தைத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

ஐரோப்பாவில் இந்த நிதானம் எப்போதும் இருக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹுசோன் என்ற பிரெஞ்சு இராணுவ அதிகாரி, கவுட்டுக்கு என்று ஓர் இரகசியத் தண்ணீர் மருந்தை விற்றார். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லவேயில்லை. 1814இல் லண்டனில் ஜோன் வோன்ட் என்ற வைத்தியர் அது இந்தக் கிழங்கின் சாறு என்று காட்டினார். 1820இல் பாரிஸில் பெல்லெத்தியேயும் கவந்தூவும் கிழங்கின் சாரத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதன் பிறகுதான் மருந்தை நிறுத்துக் கொடுக்க வழி பிறந்தது.

நிறுத்துக் கொடுக்க முடிந்தும் சரியான அளவு உடனே தெரிந்துவிடவில்லை. நோவு குறையும்வரை, அல்லது வயிற்றோட்டம் தொடங்கும்வரை மணிக்கு மணி குளிசை கொடுப்பதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு இரண்டு அளவுகளை ஒப்பிட்டது. ஆறு மணித்தியாலத்தில் 4.8 மில்லிகிராம் ஒரு சாராருக்கு, ஒரு மணித்தியாலத்தில் 1.8 மில்லிகிராம் மறு சாராருக்கு. நோவு குறைந்தது கிட்டத்தட்ட ஒரே மாதிரி. வயிற்றோட்டமோ முதற் சாராரில் நூற்றுக்கு 77 பேருக்கு. மற்றவர்களில் 23 பேருக்கு மட்டும்.

அடுத்த படிதான் மாமாவின் போனுக்கு வந்த செய்தி. வயது போகப் போக உடலுக்குள் மெல்லிய அழற்சி ஒன்று புகைந்துகொண்டே இருக்கும் என்ற கருத்தை 2000ஆம் ஆண்டில் இத்தாலிய ஆய்வாளர் கிளௌதியோ பிரான்செஸ்கி முன்வைத்தார். இருதய நாடிகளில் கொழுப்புப் படிந்து வெடிப்பதிலும் அழற்சிக்குப் பங்குண்டு. கொல்ச்சிசின் வெண்குழியங்களின் அசைவைத் தடுத்து அழற்சியைத் தணிக்கும். அப்படியானால் சிறிய அளவில் தினமும் கொடுத்தால் என்ன?

அவுஸ்திரேலியாவில் மார்க் நிடோர்ப் குழுவினர் 532 இருதய நோயாளிகளிடம் இதைப் பார்த்தார்கள்; முடிவு 2013இல் வந்தது. பிறகு நெதர்லாந்தையும் சேர்த்து 5,522 பேரிடம் தினம் 0.5 மில்லிகிராம். 2020இல் வந்த முடிவின்படி மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 9.6 சதவீதம், மருந்து எடுத்தவர்களில் 6.8 சதவீதம். 2023 ஜூனில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்தச் சிறிய அளவை இருதய நோய்க்கு அங்கீகரித்தது.

போனில் வந்த செய்தி இத்துடன் முடிந்துவிட்டது. கதை முடியவில்லை. அதே ஆய்வில் இருதயம் அல்லாத காரணங்களால் ஏற்பட்ட மரணங்கள் மருந்து எடுத்தவர்களிடம் சற்றுக் கூடுதலாக இருந்தன. அது தற்செயலாகவும் இருக்கலாம். 2024இல் மாரடைப்பு வந்து கொஞ்ச நாளே ஆன 7,062 பேரிடம் நடந்த இன்னொரு பெரிய ஆய்வில் பயன் எதுவும் தெரியவில்லை. இந்த ஆய்வுகள் எல்லாமே இருதய நோயாளிகளிடம் நடந்தவை. நோயில்லாத ஒருவர் முதுமையைத் தள்ளிப்போட இதை விழுங்கலாம் என்று அவற்றில் ஒன்றும் சொல்லவில்லை.

சிறிய அளவு என்ற சொல்லும் ஆளுக்கு ஆள் மாறும். கொல்ச்சிசினில் மருந்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி குறைவு. சிறுநீரகம் பலவீனமானவருக்கு அது உடலில் தேங்கும். கிளாரித்ரோமைசின் என்ற அன்டிபயோட்டிக்குடன் சேர்ந்து உயிரைப் பறித்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் உள்ளன. நம் நாட்டுக்கு இந்த நஞ்சு புதிதுமல்ல. சிங்களத்தில் நியங்கலா என்றும் நாம் கார்த்திகைப்பூ என்றும் சொல்லும் கொடியின் கிழங்கிலும் இதே கொல்ச்சிசின்தான் இருக்கிறது. அதை வேறு கிழங்கென்று நினைத்துத் தின்று ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் உண்டு.

மாமாவிடம் கிளினிக் கொப்பியைக் கேட்டேன். சிறுநீரகத்துக்கு மருந்து எடுக்கிறார் என்று அதில் இருந்தது.

"அப்ப இப்னு ஸீனா செல்லினது பொய்யா?" என்றார்.

"பொய்யில்ல மாமா. அவர் மூட்டு நோவுக்குச் செல்லினார். யாருக்கு, எதுக்கு, எவ்வளவு எண்டு பாத்துக் குடுத்தார். போன்ல வந்ததுல அது மூண்டும் இல்ல."

கொஞ்ச நேரம் கார்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கிளினிக் டொக்டர்ட்டயே கேட்டுப் பாப்பம்" என்று அதைத் திரும்பப் பைக்குள் வைத்தார். அதில் இரண்டு குளிசை ஏற்கனவே குறைந்திருந்தது.

கிளினிக் திகதி அடுத்த வாரம். அதுவரைக்கும் போட வேண்டாம் என்று சொல்லிக் கார்டை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.