எழுதாத தேர்வின் மதிப்பெண்கள்: தமிழ்நாட்டுப் பள்ளி இறுதி மதிப்பீடு, 2020–2021

2021ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 19ஆம் நாள் தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வெளியாயின. 8,16,473 மாணவர்க்கு மதிப்பெண் வழங்கப்பட்டது. அனைவரும் தேர்ச்சி பெற்றனர். அவர்களுள் அவ்வாண்டின் பொதுத் தேர்வை எழுதியவர் ஒருவரும் இலர். ஆயினும் அம்மதிப்பெண்கள் முன்னைய ஆண்டுகளில் காணாத நுட்பத்துடன் தசமப் புள்ளிக்குப் பின்னரும் நீண்டன. தேர்வு நடைபெற்ற ஆண்டுகளில் முழு எண்ணே போதுமானதாக இருந்தது. தேர்வு நடைபெறாத ஆண்டில் பின்னம் தேவைப்பட்டது ஏன் என்னும் வினாவிலிருந்தே இக்கட்டுரை தொடங்குகின்றது.

பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளி இறுதி மாணவர்களை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் சிக்கல் உலகெங்கும் எழுந்தது. நம் நாட்டில் யு.பி.எஸ்.ஆர்., பி.டி.3 ஆகிய தேர்வுகள் 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் நீக்கப்பட்டன. எஸ்.பி.எம். தேர்வோ நீக்கப்படாமல் 2021 பிப்ரவரித் திங்களுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. மேற்படிப்புக்குரிய சான்றிதழ் என்பதால் தேர்வு நடத்தும் வாய்ப்பு வரும்வரை காத்திருப்பதே இங்குத் தெரிவு செய்யப்பட்ட வழி. தமிழ்நாடு அவ்வாறு காத்திருக்க இயலாத சூழலில் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் மூன்று வெவ்வேறு வழிகளைக் கையாண்டது. இம்மூன்றையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படுகின்றது. மாணவர் என்ன கற்றார் என்பதைவிட, அம்மதிப்பெண் அடுத்து எங்குப் பயன்படப் போகின்றது என்பதே ஒவ்வொரு முறையும் வழியைத் தீர்மானித்தது.

சான்றேட்டின் பழைய வரலாறு

பள்ளிக்குள் பெற்ற மதிப்பெண்ணைக் கொண்டு சான்றிதழ் வழங்குவது தமிழ்நாட்டிற்கு முற்றிலும் புதியதன்று. 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய மெட்ரிகுலேஷன் தேர்வே தொடக்கத்தில் பள்ளிக் கல்வியின் எல்லைக்கல்லாக இருந்தது. அது பல்கலைக்கழகத்தின் வாயிலில் நடத்தப்பட்ட தேர்வு. பள்ளியின் குரலுக்கு அதில் இடமில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1911ஐ ஒட்டி, சென்னை மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முறை நடைமுறைக்கு வந்தபொழுது அந்நிலை மாறியது. மாணவர் பள்ளியில் பெற்ற மதிப்பெண்களும் பொதுத் தேர்வில் பெற்ற மதிப்பெண்களும் ஒரே சான்றேட்டில் பதியப்பட்டன. தமிழகத்தின் மூத்த தலைமுறையினர் இன்றும் அதனை 'எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம்' என்றே சொல்லக் கேட்கின்றோம். அது ஒற்றைத் தாளாக அன்றி ஏடாகவே இருந்தது என்பதை அப்பெயர் காட்டுகின்றது.

காலப்போக்கில் அவ்வேட்டில் பள்ளியின் பக்கம் மெலிந்தது. பொதுத் தேர்வின் பக்கம் தடித்தது. இதற்குக் காரணங்கள் பல. பன்னிரண்டாம் வகுப்பைப் பொறுத்தவரை மிக அண்மைக் காரணம் ஒன்றை மட்டும் ஈண்டுக் குறிப்பிடுவோம். 2006இல் இயற்றப்பட்ட சட்டத்தின்வழித் தொழிற்கல்விக்கான பொது நுழைவுத் தேர்வு தமிழ்நாட்டில் நீக்கப்பட்டது. அதன்பின் பொறியியல் கல்லூரி இடங்கள் பன்னிரண்டாம் வகுப்பின் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைக் கொண்டே நிரப்பப்பட்டன. கணிதத்திற்கு 100, ஏனைய இரண்டிற்கும் சேர்த்து 100 என 200க்குக் கணக்கிடப்படும் அத்தரவரிசையில் அரை மதிப்பெண்ணும் ஒரு கல்லூரியின் தொலைவு எனலாம். 2017இல் மாநில அளவிலான முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசு கைவிட்டது. நாளிதழ்களிலிருந்து தரவரிசை மறைந்தது. கலந்தாய்வுக் கூடத்திலிருந்து மறையவில்லை.

2020: கடந்த காலம் தேர்வாக மாறுதல்

2020 மார்ச் 27ஆம் நாள் தொடங்கவிருந்த பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு, ஊரடங்கினால் முதலில் ஜூன் 1க்கும் பின்னர் ஜூன் 15க்கும் ஒத்திவைக்கப்பட்டது. தொற்று தணியாத நிலையில், இலட்சக்கணக்கான பிள்ளைகளின் உயிரைப் பணயம் வைக்கலாமா என்னும் வினா சென்னை உயர் நீதிமன்றத்திலும் எழுந்தது. ஜூன் 9ஆம் நாள் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி தேர்வை நீக்கி அறிவித்தார். காலாண்டு, அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்களிலிருந்து 80 விழுக்காடும் வருகைப் பதிவிலிருந்து 20 விழுக்காடும் எடுத்து மதிப்பெண் வழங்கப்படும் என்பது அவ்வறிவிப்பு. பதினோராம் வகுப்பில் நடைபெறாது நின்ற வேதியியல், கணக்குப் பதிவியல், புவியியல் தேர்வுகளுக்கும் இதுவே விதியாயிற்று.

இதில் ஊன்றி நோக்கத்தக்கது காலத்தின் திருப்பம். 2019 டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு எழுதிய மாணவர் அது வாழ்நாள் சான்றிதழில் ஏறும் என்று அறிந்து எழுதவில்லை. விடைத்தாளைத் திருத்திய ஆசிரியரும் அவ்வாறு அறிந்து திருத்தவில்லை. அரையாண்டுத் தேர்வு மாணவரை எச்சரிப்பதற்குரியது. 'இப்படியே போனால் மார்ச்சில் என்ன ஆகும்' என்று அஞ்சவைப்பதற்காகவே கைச்சிக்கனத்துடன் மதிப்பெண் இடும் ஆசிரியர் எங்கும் உண்டு. நம் நாட்டிலும் உண்டு. அத்தகைய ஆசிரியரிடம் பயின்றவர் 2020இல் இழந்தார். தாராளமாக இட்ட ஆசிரியரிடம் பயின்றவர் பெற்றார். இருவேறு நோக்கங்களுடன் இடப்பட்ட எண்களை ஒரே தராசில் நிறுத்தியதே அவ்விதியின் முதற் குறை.

இரண்டாவது குறை இன்னும் கடியது. 2020 ஆகஸ்டு 10ஆம் நாள் முடிவுகள் வெளியானபொழுது நூறு விழுக்காட்டுத் தேர்ச்சி என அறிவிக்கப்பட்டது. தேர்ச்சி பெற்றோர் 9,39,829 பேர். ஆயின் தேர்வுக்கெனப் பதிவு பெற்றிருந்தோர் 9,45,077 பேர். இடைப்பட்ட 5,248 பேர் எங்கே என்னும் கேள்வி பொதுவெளியில் எழுந்தது. அரசுத் தேர்வுகள் இயக்ககம் விளக்கம் தந்தது: 231 பேர் இறந்துவிட்டனர், 658 பேர் பள்ளியை விட்டு நீங்கிவிட்டனர், 4,359 பேர் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளை எழுதவில்லை.

இந்த 4,359 என்னும் எண்ணைக் கடந்து செல்ல நமக்கு மனம் வரவில்லை. இரண்டு உள்தேர்வுகளுக்கும் வராமல் மார்ச்சில் மட்டும் வந்து எழுத எண்ணியிருந்த பிள்ளை எத்தகைய பிள்ளை? நோயுற்றிருந்திருக்கலாம், பெற்றோருடன் வேலைக்குப் பெயர்ந்திருக்கலாம், படிப்பில் மனம் விட்டிருக்கலாம். காரணம் எதுவாயினும் பொதுத் தேர்வு அப்பிள்ளைக்கு ஒரு வாயிலைத் திறந்து வைத்திருந்தது. தேர்வுக் கூடம் அவருடைய டிசம்பரைக் கேட்பதில்லை. மார்ச்சில் அவர் எழுதுவதை மட்டுமே கேட்கின்றது. பொதுத் தேர்வைக் கொடிய வடிகட்டி என்று விமரிசிப்போர் உளர். நாமும் அவ்விமரிசனத்தைப் பெரிதும் ஏற்பவர்தாம். எனினும் பதிவேடற்றவருக்கு அது தரும் ஒரு நாள் வாய்ப்பு, அது நீக்கப்பட்டபொழுதே நம் கண்ணுக்குத் தெரிந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியுள்ளது. வருகைப் பதிவுக்கு இடப்பட்ட 20 விழுக்காடும் இத்தகையதே. பள்ளிக்கு வர முடிந்தது அறிவின் அளவாகக் கொள்ளப்பட்டது.

2021: எண்ணற்ற சான்றிதழும் தசமச் சான்றிதழும்

அடுத்த கல்வியாண்டின் பெரும்பகுதி தொலைநிலைக் கற்றலிலேயே கழிந்தது. 2019இல் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி 2020 ஜூலை முதல் வகுப்புப் பாடங்களை ஒளிபரப்பிற்று. தனியார் பள்ளிகள் இணையவழி வகுப்புகளை நடத்தின. ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்த வீடுகளும் இருந்தன. பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு மட்டும் 2021 ஜனவரி 19 முதல் பள்ளிகள் திறந்தன. பாடத்திட்டமும் குறைக்கப்பட்டது. பிப்ரவரி 25ஆம் நாள் ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்பினர் தேர்வின்றித் தேர்ச்சி பெறுவர் எனச் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது.

இம்முறை பத்தாம் வகுப்புச் சான்றிதழில் மதிப்பெண்ணே இல்லை. தேர்ச்சி என்னும் சொல் மட்டுமே இருந்தது. ஓராண்டுக்கு முன் 80க்கும் 20க்கும் கணக்கிட்ட அதே அரசு இப்போது எண்ணையே விட்டுவிட்டது. தொலைக்காட்சி வழிக் கற்ற ஆண்டில் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகள் வழக்கம்போல் நடைபெறாததால் கூட்டிக் கழிப்பதற்கு ஒன்றுமில்லை என்பது வெளிப்படையான காரணம். பெரும்பாலோர்க்கு அடுத்த படி அருகிலுள்ள மேல்நிலைப் பள்ளியே என்பது மற்றொரு காரணம். இவ்விடுதலை நெடுநாள் நீடிக்கவில்லை. மேல்நிலைப் பிரிவுகளிலும் தொழில்நுட்பப் பயிலகங்களிலும் இடத்தைவிட விண்ணப்பம் மிகுந்தபொழுது ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணை நோக்கிக் கை நீண்டது. எண்ணை ஓரிடத்தில் நீக்கினால் அது வேறோர் ஆண்டிலிருந்து தோண்டி எடுக்கப்படும் என்பதற்கு இது சான்று.

பன்னிரண்டாம் வகுப்பிற்கு அவ்வாறு வெறும் தேர்ச்சி வழங்க இயலவில்லை. பொறியியல் முதலிய படிப்புகளின் சேர்க்கை அம்மதிப்பெண்ணிலேயே தொங்குகின்றது. இரண்டாம் அலையினால் தேர்வு தள்ளிப்போய், 2021 ஜூன் 5ஆம் நாள் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அதனை நீக்கி அறிவித்தார். குழு ஒன்று அமைக்கப்பட்டு, ஜூன் 26ஆம் நாள் மதிப்பீட்டு முறை வெளியிடப்பட்டது. பத்தாம் வகுப்பில் மாணவர் மிகுதியாகப் பெற்ற மூன்று பாடங்களின் சராசரியிலிருந்து 50 விழுக்காடு. பதினோராம் வகுப்பு எழுத்துத் தேர்விலிருந்து 20 விழுக்காடு. பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறைத் தேர்வு, அக மதிப்பீடு ஆகியவற்றிலிருந்து 30 விழுக்காடு. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் அதே திங்களில் 30, 30, 40 எனப் பகிர்ந்துகொண்டதோடு, பள்ளியின் முன்னைய ஆண்டுச் சராசரியை ஒட்டி மதிப்பெண்களை வரம்புக்குள் நிறுத்தவும் செய்தது. தமிழ்நாடு பள்ளியின் கடந்த காலத்தைத் தொடவில்லை. மாணவரின் கடந்த காலத்தையே எடுத்துக்கொண்டது. முந்தைய ஆண்டு இங்கிலாந்தில் ஆசிரியர் தந்த ஏ-நிலைத் தகுதிகளில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கைக் குறைத்துப் பெருங்கொந்தளிப்பை உண்டாக்கிய கணிப்பு முறையும் பள்ளியின் பழைய முடிவுகளைச் சார்ந்ததே. ஆகவே தமிழ்நாட்டின் தெரிவு இவ்வகையில் நேர்மையானது என்பது நம் கருத்து.

ஆயினும் அவ்விதியைத் தமிழாசிரியர் கண்ணோடு நோக்கினால் வியப்பான விளைவு ஒன்று தெரிகின்றது. பத்தாம் வகுப்பின் மூன்று பாடச் சராசரி பன்னிரண்டாம் வகுப்பின் எல்லாப் பாடங்களுக்கும் பொதுவாக இடப்பட்டது. கற்பனையாக ஒரு மாணவரைக் கொள்வோம். பத்தாம் வகுப்பில் அவர் தமிழில் 58, ஆங்கிலத்தில் 52, கணிதத்தில் 91, அறிவியலில் 94, சமூக அறிவியலில் 97 பெற்றார். உயர்ந்த மூன்றின் சராசரி 94; அதில் பாதி 47. பதினோராம் வகுப்புத் தமிழில் 60 விழுக்காடு என்றால் அதிலிருந்து 12. தமிழுக்குச் செய்முறைத் தேர்வு இல்லையாதலால் அக மதிப்பீட்டின் பத்து மதிப்பெண்ணே முப்பதாக விரிக்கப்பட்டது. அதில் முழுமையும் பெற்றால் 30. ஆகப் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ் மதிப்பெண் 89. பொதுத் தேர்வில் தமிழில் 60ஐத் தாண்டாத மாணவர் கணிதத்தாலும் அறிவியலாலும் தமிழில் 89 பெறுகின்றார். இதன் மறுதலையும் உண்மையே. தமிழிலும் சமூக அறிவியலிலும் சிறந்து கணிதத்தில் தளர்ந்தவர் அவற்றின் வலிமையைக் கணிதத்திற்குக் கொண்டு சென்று பொறியியல் தரவரிசையில் ஏறினார். சான்றிதழில் பாடத்தின் பெயர் இருந்தது. அவ்வெண்ணில் பாதிக்கு அப்பாடத்தோடு உறவிருந்தாக வேண்டிய தேவை இல்லை.

வேதியியல் மாணவரின் நிலை இன்னும் சிக்கலானது. அவருடைய பதினோராம் வகுப்பு வேதியியல் தேர்வே 2020 மார்ச்சில் நடைபெறவில்லை என்பதை மேலே கண்டோம். அதற்கு 80–20 விதியின்படி இடப்பட்ட எண் 2021இன் விதிக்குள் மூலப்பொருளாகப் புகுந்தது. கணிப்பின்மேல் எழுப்பிய கணிப்பு அது.

இனித் தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். எல்லா மாணவர்க்கும் அரைப் பங்கு பொதுவாகவும் கால் பங்குக்கு மேல் தாராளமாகவும் அமைந்தபொழுது மதிப்பெண்கள் நெருங்கிக் குவிந்தன. குவிந்தவர்களைப் பிரித்து வரிசைப்படுத்தாமல் கல்லூரி இடங்களைப் பங்கிட முடியாது. தசமப் புள்ளி அப்பணிக்கே வந்தது. அது அறிவின் நுட்பமான அளவன்று. வரிசையில் இருவர் ஒரே இடத்தில் நில்லாதிருக்கச் செய்த ஏற்பாடு.

மற்றொன்றும் இவண் கூறத்தக்கது. அம்மதிப்பெண்ணில் 50 விழுக்காடு 2019 மார்ச்சுக்கும் 20 விழுக்காடு 2020 மார்ச்சுக்கும் உரியவை. எஞ்சிய 30 விழுக்காட்டில் பெரும்பங்கு, பள்ளி மீண்டும் திறந்தபின் 2021 ஏப்ரலில் நேரில் நடைபெற்ற செய்முறைத் தேர்வைச் சார்ந்தது. தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் கற்ற மாதங்களுக்கு நேரடியாக இடப்பட்ட மதிப்பெண் என்று ஒன்றும் இல்லை. கற்பித்தல் தொடர்கின்றது என்று ஆண்டு முழுதும் கூறிய அதே அமைப்பு, மதிப்பிடும் வேளை வந்தபொழுது அக்கற்பித்தலைத் தாண்டிப் பின்னோக்கிச் சென்றது. அதனைக் குறையாக மட்டும் நாம் காணவில்லை. கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளையைக் கைப்பேசி உள்ள வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு எண் இடுவதைவிட, இருவரும் ஒரே கூரையின்கீழ் எழுதிய பழைய தேர்வுக்குத் திரும்பியது நியாயமானது. ஆனால் அச்செயலுக்குள் பொதிந்திருந்த ஒப்புதலை அரசு ஒருபொழுதும் வாய்விட்டுக் கூறவில்லை.

இவ்விதிகளுள் எதிலும் அடங்காத ஒரு பிரிவினரும் இருந்தனர். அவர்கள் தனித்தேர்வர்கள். பள்ளியில் சேராமல், பெரும்பாலும் வேலை செய்துகொண்டே, தவறிய பாடங்களை மீண்டும் எழுத முனைபவர்கள் அவர்கள். அவர்களுக்கு அரையாண்டுத் தேர்வு இல்லை. வருகைப் பதிவு இல்லை. அக மதிப்பீடு இடும் ஆசிரியரும் இல்லை. ஆகவே பள்ளி மாணவர்க்கு ஆபத்தானது என்று நீக்கப்பட்ட பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு அவர்களுக்கு மட்டும் 2021 ஆகஸ்டுத் திங்களில் நடத்தப்பட்டது. தமக்கு இடப்பட்ட மதிப்பெண்ணில் நிறைவு கொள்ளாத பள்ளி மாணவரும் அதனை எழுதலாம்; எழுதினால் புதிய மதிப்பெண்ணே இறுதி என்பது நிபந்தனை. எண்ணிக்கையில் சிறிதான அக்கூட்டமே அவ்வாண்டில் முகக்கவசமணிந்து தேர்வுக் கூடத்தில் அமர்ந்து, விடைத்தாள் எழுதி, தேர்ச்சியோ தோல்வியோ அடைந்தது.