கம்சாத்கா: பல மடி கண்ட பெயர்

‘கார்’ என்னும் கருமை முகிலுக்காகி, முகில் பொழியும் பருவத்துக்காகி, அப்பருவத்து நெல்லுக்கும் ஆனதை மும்மடியாகுபெயர் என்பர் நம் இலக்கணிகள். சொற்சுவை நாடும் நண்பரே, அதையும் விஞ்சி ஆகிவந்த பெயரொன்று உருசிய மொழியில் உண்டு: கம்சாத்கா.

‘கம்கா’ என்பது துருக்கிய மொழிகளிலிருந்து உருசியம் கடன்கொண்ட சொல். பூவேலை இழைத்த பட்டைக் குறிப்பது. 17ஆம் நூற்றாண்டில் சைபீரியாவின் கீழைக் கோடிக்குச் சென்ற இவான் கம்சாத்தி என்னும் கோசாக்கு வீரர் அப்பட்டில் தைத்த சட்டையால் பெயர்பெற்றார் என்றும், அவர் பெயர் ஆற்றுக்கும் ஆற்றின் வழியே மூவலந்தீவுக்கும் ஏறிற்று என்றும் ஒரு விளக்கம் உண்டு. வேறு விளக்கங்களும் உள. ஒலி இடறாமல் இறங்கிவருவதால் என் மனம் இதையே நாடுகிறது.

மாஸ்கோவில் பிற்பகல் 3 மணி என்றால் கம்சாத்காவில் நள்ளிரவு. அத்தனை தொலைவு என்பதால்தான் மாணவர்கள் வகுப்பின் பின்வரிசையையும் கம்சாத்கா என்றனர். நம்மவர் ‘மாப்பிள்ளை பெஞ்சு’ என்கிறார்களே, அதுதான். பொம்யலோவ்ஸ்கி 1860களில் எழுதிய சமயப்பள்ளிச் சித்திரங்களிலேயே இவ்வழக்கு இருக்கிறது.

அந்தப் பெயரைத் தனதாக்கிக்கொண்டவர் லெனின்கிராடின் விக்டர் த்சோய். ஓவியப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டு, மரச்செதுக்குப் பயின்று, தீமூர் நோவிக்கோவின் ‘புதிய ஓவியர்கள்’ குழுவோடு சேர்ந்து தீட்டியவர். ‘கினோ’ ராக் குழுவின் பாடகர். அவர் பாட்டு தொடக்கத்தில் அரசின் இசைத்தட்டுகளில் அல்ல, கைக்குக் கை படியெடுத்த ஒலிநாடாக்களில் பரவியது. 1984இல் வந்த தொகுப்பின் பெயர் ‘நச்சால்னிக் கம்சாத்கி’, கம்சாத்காவின் தலைவன். ‘நச்சாலோ’ என்றால் தொடக்கம். அதிலிருந்து தலைவனைக் குறிக்கும் ‘நச்சால்னிக்’. முதல் என்பதிலிருந்து முதல்வன் என்று நாம் ஆக்கிக்கொண்ட அதே தடம்! இரு மொழிகளும் தனித்தனியே இவ்வழி நடந்தது எனக்குத் தீராத வியப்பு.

வேலையின்றி இருப்பது சோவியத் நாட்டில் குற்றம். ஆகவே கலைஞர் பலர் காவலாளிகளாயினர், கொதிகலன்களுக்குக் கரி போட்டனர். 1986இல் த்சோய் சேர்ந்த, புளோகின் தெருவிலுள்ள கொதிகலன் கூடத்துக்கும் கம்சாத்கா என்றே பெயர் வழங்கிற்று. அலெக்சேய் உச்சித்தேலின் ஆவணப்படத்தில் அவர் மண்வாரியால் கரியை அள்ளி உலைவாயில் வீசுவதைப் பார்க்கலாம். படத்தின் பெயர் ‘ரோக்’. கேட்டவுடன் ராக் இசை. ஆனால் உருசியத்தின் சொந்தச் சொல்லாக அதற்குப் பொருள் ஊழ். சொல்லுதலைக் குறித்த பழைய வினையடியில் பிறந்து, சொல்லப்பட்டது, விதிக்கப்பட்டது என முதிர்ந்த சொல் அது.

1990 ஆகஸ்டு 15இல் லாட்வியச் சாலையொன்றில் கார் விபத்தில் த்சோய் இறந்தார்; வயது 28. அக்கூடம் இன்று அவர் நினைவகமும் இசையரங்குமாகத் திகழ்கிறது. மொழியும் அதற்குத் தனியிடம் தந்துவிட்டது. மூவலந்தீவுக்கும் பின்வரிசைக்கும் உருசியர் ‘மேல்’ எனப் பொருள்படும் ‘ந’ என்ற முன்னிடைச்சொல்லைச் சேர்ப்பர். த்சோயின் கம்சாத்காவுக்கோ ‘உள்’ எனப் பொருள்படும் ‘வ்’ என்பதைச் சேர்க்கிறார்கள்.