மணலிக்கு வந்த பிடில்

ஆரம்பாக்கம் ரயிலில் கல்லூரிக்கு வந்துபோன நம் கோஷ்டிக்கு மணலி என்றால் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைதான். ஆனால் கர்நாடக சங்கீதத்தில் பிடில் நுழைந்த கதையில் அந்த ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. இன்றைய மாணவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

கிழக்கிந்தியக் கம்பெனியின் துபாஷியாக இருந்த மணலி முத்துகிருஷ்ண முதலியார், ராமஸ்வாமி தீட்சிதரைக் குடும்பத்தோடு மணலிக்கு அழைத்து வந்து ஆதரித்தார். பிறகு அவர் மகன் சின்னையா முதலியார், தீட்சிதரின் கடைசி மகன் பாலுஸ்வாமிக்கு (பிறப்பு 1786) ஒரு ஐரோப்பியரிடம் பிடில் கற்க ஏற்பாடு செய்தார். மூன்று வருஷம் பாடம் நடந்ததாக 1904-ல் வெளியான 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' சொல்கிறது. அண்ணன் முத்துஸ்வாமி தீட்சிதரோ கோட்டை பாண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு, சமஸ்கிருத சாகித்தியம் போட்டார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். இங்கிலாந்து ராஜாவின் வாழ்த்துப் பாட்டு மெட்டுகூட அதில் அம்பாள் துதியாகிவிட்டது!

சரி, பாலுஸ்வாமி கையில் இருந்தது எப்படிப்பட்ட பிடில்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. மோவாய்க்கட்டை வந்ததே 1820 வாக்கில்தான். எஃகுத் தந்தி பரவியது இருபதாம் நூற்றாண்டில். ஆக, அவர் வாசித்தது ஆட்டுக் குடலில் திரித்த நரம்பு பூட்டிய வாத்தியம். இன்றைய கச்சேரிப் பிடிலைவிட, 1607-ல் இத்தாலியின் மாந்துவா நகரில் மான்டிவெர்டி 'ஓர்ஃபியோ' இசை நாடகத்தை அரங்கேற்றியபோது ஒலித்த பிடிலுக்கே அது பல விதத்தில் நெருக்கம். அந்தக் கால ஐரோப்பியர் பலர் பிடிலை மார்பிலோ தோளிலோ சாத்திக்கொண்டுதான் வாசித்தார்கள். நம்மவர்கள் தரையில் உட்கார்ந்து, நுனியை வலது பாதத்தில் ஊன்றி, ச‑ப‑ச‑ப என்று சுருதி மாற்றிக்கொண்டார்கள். பிடியைத் தாங்கும் வேலை இல்லாததால் இடது கை கமகத்துக்கு முழுசாக விடுதலை. வாத்தியம் அவர்களுடையது, ஆனால் வாசிப்பு நம்முடையது. இதை இரவல் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஐரோப்பாவில் சென்ற நூற்றாண்டிலேயே சிலர் விழித்துக்கொண்டார்கள். பழைய பிடில்களைத் தேடி எடுத்து, நரம்புத் தந்தி பூட்டி, பழைய பாணி வில்லால் பரோக் சங்கீதத்தை வாசிக்கிறார்கள். எஃகுத் தந்தியின் பளீர் ஒலி அதில் கிடையாது. பேச்சுக் குரல் மாதிரி லேசான கரகரப்பு உண்டு. மணலியிலும், பின்னால் பாலுஸ்வாமி ஆஸ்தான வித்வானாக இருந்த எட்டயபுரத்திலும் கேட்ட நாதம் அந்த ஜாதிதானே? அதை மீட்டுக் கேட்க நமக்கும் உரிமை உண்டு.

நம் கல்லூரி இசைக் குழு மாணவர்கள் ஒரு பிடிலுக்கு நரம்புத் தந்தி போட்டு, அடுத்த சந்திப்பில் நாலு நோட்டுஸ்வரம் வாசிக்கட்டும். தந்திச் செலவு என் பொறுப்பு.