வ.உ.சி.க்கு நாற்பது ஆண்டு: அன்றைய பத்திரிகைக்காரர்கள் என்ன செய்தார்கள்?

தப்பாகத் தண்டிக்கப்பட்ட ஒருவனின் கதையைப் பத்திரிகைக்காரர் எழுதுவது என்றால் எல்லோரும் முதலில் சொல்வது எமிலி ஸோலாவைத்தான். பிரெஞ்சு ராணுவத்தில் கேப்டனாக இருந்த டிரேஃபஸை, ஜெர்மனிக்கு ரகசியம் விற்றான் என்று சொல்லி 1894இல் தண்டித்து, தீவாந்தரத்துக்கு அனுப்பினார்கள். அந்தக் கடிதத்தை எழுதியது வேறு ஆள். 1898 ஜனவரி 13 அன்று ஸோலா ஒரு பாரீஸ் பத்திரிகையின் முதல் பக்கத்தில் தளபதிகளின் பெயர்களை வரிசையாகப் போட்டு, நீங்கள்தான் குற்றவாளிகள் என்று எழுதினார். அவதூறு வழக்கில் அவருக்கே தண்டனை கிடைத்தது, இங்கிலாந்துக்கு ஓடிப்போக வேண்டியதாயிற்று. 1906இல் டிரேஃபஸ் நிரபராதி என்று தீர்ப்பு வந்தது. அதைப் பார்க்க ஸோலா உயிரோடு இல்லை.

இந்தக் கதையில் பத்திரிகைக்காரரின் வேலை கஷ்டமானது, ஆனால் தெளிவானது. "இவன் செய்யவில்லை, அவன் செய்தான்" என்று காட்டிவிட்டால் போதும். நம்ம தூத்துக்குடியில் நடந்ததோ அப்படி எளிதாகச் சொல்லக்கூடிய கதை இல்லை.

டிரேஃபஸ் விடுதலையான அதே 1906ஆம் ஆண்டு அக்டோபரில் இங்கே சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. முதலீடு 10 லட்சம் ரூபாய், ஒரு பங்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் ஒருவரே 2 லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகள் வாங்கினார். காமர்ஸ் படிக்கிறவனுக்கு இந்தக் கணக்குதான் முதலில் கண்ணில் படும், மன்னித்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கை 25 ரூபாய்க்கு வைத்ததிலேயே ஒரு யோசனை இருக்கிறது. பெரிய பணக்காரர்கள் மட்டுமில்லாமல் சின்ன வியாபாரியும் கை நீட்டக்கூடிய தொகை அது. தலைவர் பாண்டித்துரைத் தேவர். ஓடியாடி வேலை பார்த்தது ஓட்டப்பிடாரத்து வக்கீல் வ.உ. சிதம்பரம் பிள்ளை.

எதிரே நின்றது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. தூத்துக்குடி-கொழும்பு மார்க்கம் அதுவரை அவர்கள் கையில். சுதேசிக் கம்பெனி முதலில் வாடகைக் கப்பல் விட்டது, அதை நிறுத்த வைத்தார்கள். 1907இல் காலியா, லாவோ என்று இரண்டு சொந்தக் கப்பல்கள் வந்துவிட்டன. உடனே கட்டணத்தை வெட்டினார்கள். ஒரு ரூபாய்க்கு இறங்கியது, இவர்கள் எட்டணா என்றார்கள், அவர்கள் சும்மாவே வாருங்கள், கூட ஒரு குடையும் தருகிறோம் என்றார்கள். எங்கள் பாடத்தில் இதற்கு 'பிரிடேட்டரி பிரைசிங்' என்று பெயர் வைத்து ஒரு பக்கம் பாடம் இருக்கிறது. உதாரணம் மட்டும் எப்போதும் அமெரிக்காவிலிருந்துதான் கொடுப்பார்கள்!

1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது வெள்ளைக்காரர்களின் ஹார்வி கம்பெனி மில். பின்னால் நின்றவர்கள் வ.உ.சி.யும் அப்போதுதான் ஊருக்கு வந்திருந்த சுப்பிரமணிய சிவாவும். கிட்டத்தட்ட ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. அரவிந்தரின் 'வந்தே மாதரம்' பத்திரிகை கல்கத்தாவிலிருந்து இதைப் பாராட்டி எழுதியது. அடுத்த வாரமே, மார்ச் 12 அன்று, பேசுவதற்கென்று திருநெல்வேலிக்கு வந்த வ.உ.சி.யையும் சிவாவையும் பத்மநாப ஐயங்காரையும் பிடித்து உள்ளே வைத்தார்கள். மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள்.

தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். கப்பல், கட்டணப் போர், மில், கைது. ஆனால் குற்றப்பத்திரிகையில் கப்பலும் இல்லை, மில்லும் இல்லை. இருந்தது மேடைப் பேச்சு மட்டும்தான். ராஜத்துரோகம், 124ஏ.

வ.உ.சி. பேசினாரா? பேசினார். அந்நிய ஆட்சி வேண்டாம் என்றாரா? என்றார். அப்படியானால் இதை எப்படித் தப்பான தண்டனை என்கிறாய் என்று நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. அதற்குத் தீர்ப்பையே எடுத்துப் பார்ப்பதுதான் நல்லது.

1908 ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். சிவாவுக்கு ராஜத்துரோகப் பேச்சுக்காகப் பத்து ஆண்டு. வ.உ.சி.க்குத் தன் பேச்சுக்காக இருபது ஆண்டு. அதோடு சிவாவுக்கு இடம் கொடுத்து உடந்தையாக இருந்ததற்காக இன்னொரு இருபது ஆண்டு. ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்க வேண்டும். இதைக் கூட்டல் கழித்தல் தெரிந்தவர்கள் ஒரு நிமிடம் யோசியுங்கள். குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்டவனுக்குப் பத்து, அவனுக்கு உடந்தையாக இருந்தவனுக்கு இருபது. எந்தச் சட்டப் புத்தகத்தில் இந்தக் கணக்கு சரியாக வரும்? வ.உ.சி.க்கு அப்போது வயது 35. நாற்பது ஆண்டு முடிந்து வெளியே வந்தால் 75. கப்பல் கம்பெனியைத் தண்டித்தார்கள் என்று எடுத்துக்கொண்டால் மட்டும்தான் கணக்கு நேராகிறது.

சாட்சியத்தையும் பார்க்க வேண்டும். தமிழில் பேசுவதை அப்படியே பிடிக்கிற சுருக்கெழுத்து அன்றைய போலீஸிடம் கிடையாது. கடற்கரைக் கூட்டத்தில் நின்று கையால் குறிப்பு எடுத்து, விட்டதை நினைவிலிருந்து நிரப்பி எழுதியதுதான் அறிக்கை. அதை ஆங்கிலமாக்கி ஒரு வெள்ளைக்கார நீதிபதி படிக்கிறார். எங்கள் வகுப்பில் ஒரு மணி நேரப் பாடத்துக்கு நான்கு பேர் எடுத்த நோட்ஸை ஒன்றாக வைத்துப் பார்த்தால் நான்கு பாடம் மாதிரி இருக்கும். ஒரு மனிதரின் நாற்பது ஆண்டை அப்படி ஒரு நோட்ஸை நம்பிக் கொடுத்தார்கள்.

ஆக இந்த வழக்கில் ஒரு பத்திரிகைக்காரர் செய்ய வேண்டிய வேலை ஸோலா செய்ததிலிருந்து வேறு. "அவர் பேசவில்லை" என்று எழுத முடியாது. குற்றப்பத்திரிகையில் எழுதாமல் விட்டதை, அதாவது கப்பலையும் மில்லையும், வாசகன் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். அதை எழுதினால் எழுதுகிறவர் மேலும் அதே 124ஏ பாயும். போதாததற்கு 1908 ஜூனில் இன்னொரு சட்டம் வந்தது. வன்முறையைத் தூண்டுகிற பத்திரிகை என்று பட்டால் அச்சகத்தையே பறிமுதல் செய்யலாம்.

இந்த நிலைமையில் 'இந்தியா' வாரப் பத்திரிகையில் தொடர்ந்து எழுதியவர் பாரதி. எட்டயபுரத்துக்காரர், வ.உ.சி.யின் நண்பர், 1907 டிசம்பரில் இருவரும் சூரத் காங்கிரஸுக்குச் சேர்ந்தே போனவர்கள். வழக்கில் சாட்சி சொல்லவும் போனார். நடுநிலை இல்லாதவர் எப்படி நல்ல செய்தியாளர் ஆவார் என்று ஜர்னலிசம் படிக்கிற நண்பர்கள் கேட்கலாம். என் அபிப்பிராயம், பாரதி தன் பக்கத்தை ஒளிக்கவில்லை. வாசகனுக்கு அவர் யார் பக்கம் என்பது முதல் வரியிலேயே தெரியும். எந்தப் பக்கமும் இல்லாதது போலப் பேசிக்கொண்டு அரசாங்கத்தின் தகவலை அப்படியே போட்டவர்களைவிட இது யோக்கியமான முறை.

ஆனால் இங்கே ஒரு சங்கடம் வருகிறது. சட்டப்படி 'இந்தியா'வின் ஆசிரியராகப் பதிவாகியிருந்தது பாரதி இல்லை, எம். சீனிவாசன் என்பவர். பெயருக்குத்தான் ஆசிரியர். 1908 ஆகஸ்டில் போலீஸ் வந்தபோது பிடிபட்டவர் அவர். ஐந்து ஆண்டு தண்டனை. பாரதி புதுச்சேரிக்குப் போய்விட்டார், அக்டோபரிலிருந்து அங்கிருந்து 'இந்தியா' வெளிவந்தது. போனது சரியா தப்பா என்று இங்கே உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, போகாமல் இருந்திருந்தால் பின்னால் வந்த பாட்டுகளில் பாதி இல்லை. ஆனாலும் செய்யாததற்குத் தண்டனை பெற்றவர் என்று இந்தக் கதையில் ஒருவரைக் காட்டச் சொன்னால் நான் சீனிவாசனைத்தான் காட்டுவேன். எழுதியது ஒருவர், சிறைக்குப் போனது இன்னொருவர். டிரேஃபஸ் கதையோடு ஒட்டுவது இதுதான், இதற்கு ஒரு ஸோலா வரவில்லை.

'சுதேசமித்திரன்' ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயரையும் அதே ஆகஸ்டில், உடம்பு சரியில்லாமல் குற்றாலத்தில் இருந்தபோது, கைது செய்தார்கள். இனி அப்படி எழுதமாட்டேன் என்று உறுதி கொடுத்த பிறகு விட்டார்கள். 'தி ஹிந்து'வைத் தொடங்கியவர்களில் ஒருவர், மகளுக்கு விதவா மறுமணம் செய்துவைத்தவர், அவரைப் போய்க் கோழை என்று யாரும் சொல்ல முடியாது. ஜூலை 22 அன்று பம்பாயில் திலகருக்கு 'கேசரி' கட்டுரைகளுக்காக ஆறு ஆண்டு கொடுத்திருந்தார்கள். ஒரு மாதம் கழித்து, நோயாளியாக, அந்த ஐயரின் இடத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

இந்தக் கதையில் இன்னும் ஒரு பழைய பத்திரிகைக்காரர் இருக்கிறார், யாரும் எதிர்பார்க்காத இடத்தில். லண்டனில் இந்தியா மந்திரியாக இருந்த ஜான் மார்லி. அரசியலுக்கு முன்னால் 'பால் மால் கெஜட்' ஆசிரியர். திருநெல்வேலித் தண்டனைகள் எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாதவை என்று வைஸ்ராய் மிண்டோவுக்குக் கடிதம் எழுதினார். பத்திரிகை ஆசிரியராகவே இருந்திருந்தால் அது தலையங்கமாக வந்து ஊரே படித்திருக்கும். மந்திரியானதால் உறைக்குள் போட்ட கடிதமாக நின்றுவிட்டது. நவம்பரில் சென்னை ஹைகோர்ட் நாற்பதை ஆறாகக் குறைத்தது. குற்றவாளி என்பதை மட்டும் மாற்றவில்லை.

கோயம்புத்தூர் சிறையில் அவரைச் செக்கு இழுக்க வைத்தார்கள். பிறகு கண்ணூர். கம்பெனி 1911இல் கலைக்கப்பட்டது. அவர்கள் ஒரு குடை இலவசமாகக் கொடுத்துச் செய்ய முடியாததைத் தீர்ப்பு செய்து முடித்தது. 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை.

கதையை ஊர் மறக்காமல் இருந்ததற்குக் காரணம் ம.பொ. சிவஞானம். அச்சுக்கோக்கிற வேலையிலிருந்து எழுத்துக்கு வந்தவர். அவர் எழுதிய வரலாற்றை வைத்துத்தான் 1961இல் பி.ஆர். பந்துலு 'கப்பலோட்டிய தமிழன்' எடுத்தார், நம்மில் பலருக்கு வ.உ.சி. முகம் என்றால் சிவாஜி முகம். கோர்ட் ஆவணங்களிலும் பழைய பத்திரிகைகளிலும் பல ஆண்டு தோண்டி ஆ.இரா. வேங்கடாசலபதி எழுதிய 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' புத்தகத்துக்கு 2024ஆம் ஆண்டின் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. அன்றைக்கு ஊரைக் கொளுத்தினார்கள் என்று பிடிக்கப்பட்ட சாதாரண மனிதர்கள் அதில் விரிவாக வருகிறார்கள். 2011இல் துறைமுகத்துக்கே வ.உ.சி. பெயர் வைத்தார்கள்.

வாலஸ் என்ற மாஜிஸ்திரேட்டைப் பற்றி மேலே எழுதாமல் விட்டுவிட்டேன். 1908இல் இந்த வழக்கை முதலில் விசாரித்து செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்பியவர் அவர்தான். பிற்காலத்தில் சென்னை ஹைகோர்ட் நீதிபதியானார். வ.உ.சி.க்கு வக்கீல் சன்னது திரும்பக் கிடைக்க உதவியவரும் அவரே. அந்த நன்றிக்காக வ.உ.சி. தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் வ.உ.சி. இறந்தபோது 1908 தீர்ப்பு அப்படியேதான் இருந்தது.