இஷாவுக்குப் போனவர் திரும்பி வரவில்லை: தமீம் அன்சாரி கதையும் எங்கள் ஊர்ப் பெண்களும்



போன தவணையில் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம், வீட்டில் மூத்தவர்கள் சொன்ன ஒரு கதையை எழுதிக்கொண்டு வரச் சொன்னோம். கொப்பிகளைத் திருத்தும்போது பார்த்தால், ஏழெட்டுப் பேர் ஒரே கதையை எழுதியிருந்தார்கள். ஜின் தூக்கிக்கொண்டு போன தமீம் அன்சாரியின் கதை. ஒரு மாணவி மட்டும் கதையை முடித்துவிட்டுக் கீழே ஒரு வரி சேர்த்திருந்தாள்: "அவர் வந்தார், சரி. அந்தப் பொம்புளைக்கிட்ட ஒருத்தரும் ஒன்டும் கேக்கலியே?"

அந்த வரிக்குச் சிவப்புப் பேனையால் சரி போடுவதா, பிழை போடுவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் இருந்தோம். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தப் பதிவு நீண்டுவிட்டது. பொறுமையாக வாசியுங்கள்.

கதை எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் எங்கள் உம்மம்மா சொன்ன மாதிரியே சுருக்கிச் சொல்கிறோம். மதீனாவில் தமீம் அன்சாரி என்று ஒருவர். ஒரு இரவு குளிக்கப் போகிறார். பெண்சாதி விளையாட்டாக, "ஜின்னே, இவரக் கொண்டு போ" என்கிறா. சொன்ன வாய் மூடவில்லை, ஜின் வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது. அவர் ஜின்களின் நாட்டில் கிடந்து, கடல் கடந்து, தீவு தீவாக அலைகிறார். இங்கே பெண்சாதி வருடக் கணக்கில் காத்திருக்கிறா. பசி. பிள்ளைகள். கடைசியில் கலீபா உமரிடம் (றழி) போய், நான் என்ன செய்வது என்று கேட்கிறா. தவணை கொடுக்கப்படுகிறது, அதுவும் முடிகிறது, இன்னொருவருக்கு நிக்காஹ் ஆகிறது. கல்யாண இரவு. புதுமாப்பிள்ளை வாசலில் நிற்கும்போது கிணற்றடியில் ஒரு உருவம். தலைமயிரும் நகமும் வளர்ந்து, பேய் மாதிரி. "நான்தான் இந்த வீட்டுக்காரன்" என்கிறது. சண்டை கலீபாவிடம் போகிறது. அலி (றழி) அவரை அடையாளம் கண்டு சொல்கிறார்கள். பெண்சாதி பழைய கணவனிடம் சேர்கிறா.

காதல், பேய், பிரிந்தவர் மறுபடி சேர்வது எல்லாமே இதில் இருக்கிறது. இன்றைக்கு நாவல் எழுதுகிறவர்கள் தேடித் திரிகிற சரக்கை எங்கள் உம்மம்மாமார் கைவிளக்கு வெளிச்சத்தில் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். மஃரிபுக்குப் பிறகு தனியே கிணற்றடிக்குப் போகாதே என்று பிள்ளைகளைப் பயங்காட்டவும் இது உதவியது. எங்கள் ஊர்களில் எத்தனை பேருக்குத் தமீமுன் அன்சாரி என்று பெயர்! வாவிக்கரை மட்டுமல்ல, மலாய் மொழியிலும் இந்தக் கதை ஹிகாயத்தாக உண்டு. ஸ்பெயினில் மார்க்கத்தை மறைத்து வாழ்ந்த முஸ்லிம்களும் இதை எழுதி வைத்திருந்தார்கள். ஸ்பானிய மொழியை அறபு எழுத்தில் எழுதினார்கள், எங்கள் மூத்தவர்கள் அறபுத்தமிழ் எழுதிய மாதிரி.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

தமீம் என்று ஒரு ஸஹாபி உண்மையிலேயே இருந்தார்கள். தமீமுத் தாரீ (றழி). ஆனால் அவர்கள் அன்சாரி அல்ல, மதீனாவாசியும் அல்ல. பலஸ்தீனப் பக்கத்து லக்ம் கோத்திரத்துக் கிறிஸ்தவராக இருந்து இஸ்லாத்துக்கு வந்தவர்கள். பள்ளிவாசலில் முதன்முதல் விளக்கேற்றியவர் என்று இப்னு மாஜாவில் வருகிறது. ஸஹீஹ் முஸ்லிமில் அவர்களுடைய கடற்பயணம் இருக்கிறது: முப்பது பேரோடு கப்பலேறி, ஒரு மாதம் அலையில் அடிபட்டு, ஒரு தீவில் ஒதுங்கி, உடம்பெல்லாம் மயிர் மூடிய ஒரு பிராணியையும், சங்கிலியால் கட்டப்பட்ட தஜ்ஜாலையும் கண்டது. இதை எங்களுக்கு அறிவித்தவர் பாத்திமா பின்த் கைஸ் (றழி). அவர்கள் தலாக் சொல்லப்பட்டு இத்தா இருந்த பெண். இத்தா முடிந்த நேரத்தில் பள்ளிக்கு வரும்படி அழைப்புக் கேட்டுப் போய், தொழுகைக்குப் பிறகு நபி (ஸல்) அவர்கள் சொல்லக் கேட்டதுதான் இந்த ஹதீஸ். பிறகு உஸாமாவை (றழி) மணம் முடித்தார்கள். மறுவாழ்வு பெற்ற ஒரு பெண்ணின் வாயால்தான் அந்தச் செய்தியே எங்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அப்படியென்றால் ஜின் தூக்கிய அன்சாரி யார்? அவருக்குப் பெயர் இல்லை. இமாம் பைஹகீ (ஹிஜ்ரி 458 இல் வபாத்தானவர்கள்) தங்கள் ஸுனனில் ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார்கள். அன்சாரிகளில் ஒருவர் இஷாத் தொழப் புறப்பட்டுப் போனார். திரும்பி வரவில்லை. அவருடைய மனைவி உமரிடம் (றழி) வந்து சொன்னார். உமர் (றழி) அவளுடைய சனங்களைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். உண்மைதான் என்றார்கள். நான்கு வருடம் காத்திரு என்றார்கள். நான்கு வருடம் முடிந்ததும் அவள் மறுபடி வந்தாள். மறுபடி விசாரித்துவிட்டு, மணம் முடிக்க அனுமதி கொடுத்தார்கள். முடித்தாள். பிறகு முதல் கணவன் வந்து நின்றான்.

உமருக்குக் கோபம். ஒருவன் இவ்வளவு காலம் ஹயாத்தா மௌத்தா என்று கூடக் குடும்பத்துக்குத் தெரியாமல் இருப்பதா? அவர் காரணம் சொன்னார்: ஜின்கள் பிடித்துக்கொண்டு போயின, பிறகு முஸ்லிம் ஜின்கள் அவற்றோடு போரிட்டு என்னை மீட்டன, இருக்கிறாயா, போகிறாயா என்று கேட்டன, போகிறேன் என்றேன், பகலில் ஒரு சுழற்காற்று முன்னே போகும், அதைப் பார்த்துப் பார்த்து வந்து சேர்ந்தேன். அந்த ஜின்கள் என்ன சாப்பிட்டன என்று உமர் (றழி) கேட்டதும், அவரை என்று அவர் சொன்னதும் கூடப் பதிவாகியிருக்கிறது. கடைசியில் அவருக்கு இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னார்கள்: மனைவி, அல்லது கொடுத்த மஹர்.

கடலில் அலைந்த தமீமுத் தாரீயும் இஷாவுக்குப் போன பெயரில்லாத அன்சாரியும் சனங்களின் வாயில் ஒருவராகி, தமீம் அன்சாரி ஆகியிருக்கிறார்கள் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

இந்தச் செய்தி கதையாக மட்டும் நிற்கவில்லை. கணவன் காணாமல்போன பெண் எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு உமரின் (றழி) தீர்ப்பு அடித்தளமானது. நான்கு வருடம், அதற்கு மேல் கணவன் மரணித்தவளின் இத்தாவான நான்கு மாதமும் பத்து நாளும். இமாம் மாலிக் இதைத் தங்கள் முவத்தாவில் பதிந்து, அதன்படியே சொன்னார்கள். ஹன்பலி மத்ஹபின் இப்னு குதாமா, ஆபத்தான நிலையில் காணாமல்போனவருக்கு உதாரணம் சொல்லும்போது, 'தொழுகைக்குப் புறப்பட்டுத் திரும்பாதவர்' என்பதையும் சேர்க்கிறார்கள். ஹனபி மத்ஹபில் அவன் வயதுக்காரர்கள் எல்லாரும் மௌத்தாகும் அளவு காலம் போக வேண்டும். எங்கள் இமாம் ஷாபிஈ முதலில் நான்கு வருடம் என்றார்கள், பிறகு, உறுதியான செய்தி வரும்வரை அவள் அவன் மனைவிதான் என்று மாற்றிச் சொன்னார்கள்.

இந்தக் கருத்து வேறுபாட்டின் விலையை ஒருகாலம் இந்தியப் பெண்கள் கொடுத்தார்கள். ஹனபிச் சட்டத்தில் வெளியேற வழியில்லாமல், பஞ்சாப் பக்கத்தில் சில பெண்கள் திருமணத்தை முறிப்பதற்காகவே மதம் மாறினார்கள். அதைக் கண்டு கலங்கித்தான் மௌலானா அஷ்ரப் அலி தானவி 1930களில் ஒரு நூல் எழுதி, ஹனபிகளும் மாலிகி மத்ஹபின் நான்கு வருடத்தை எடுக்கலாம் என்று வழி திறந்தார்கள். 1939 இல் பிரித்தானிய இந்தியாவில் முஸ்லிம் பெண்களுக்கான விவாகரத்துச் சட்டம் வந்தபோது, நான்கு வருடம் கணவனின் செய்தி இல்லாமை அதன் முதல் காரணமாக எழுதப்பட்டது. அதில் இன்னொரு வாசகமும் உண்டு. தீர்ப்புக் கொடுத்து ஆறு மாதம்வரை அது நடைமுறைக்கு வராது. அதற்குள் கணவன் வந்து குடும்பம் நடத்தத் தயார் என்றால் தீர்ப்பு ரத்து. தமீம் அன்சாரி திரும்பி வருவதற்கென்றே சட்டத்தில் ஒரு கதவைத் திறந்து வைத்தது போல இருக்கிறது.

எங்கள் நாட்டில் 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். பெண் காதியிடம் பஸ்ஹு கேட்கலாம். ஆனால் நான்கு வருடம் என்று ஒரு வரி அதில் எழுதப்படவில்லை. அவரவர் மத்ஹபின்படி என்றுதான் இருக்கிறது.

இனி எங்கள் ஊர்.

1990 ஜூலையில் கல்முனையிலிருந்து காத்தான்குடிக்கு வந்துகொண்டிருந்த எங்கள் சனங்கள், ஹஜ்ஜிலிருந்து திரும்பியவர்கள் உட்பட, குருக்கள்மடத்தில் மறிக்கப்பட்டுக் கடத்தப்பட்டார்கள். ஓகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் நூற்றுக்கு மேல் ஷஹீதானார்கள். பள்ளியில் போனவர்களுக்காவது கப்ர் இருக்கிறது, போய் நின்று ஸலாம் சொல்லலாம். குருக்கள்மடத்தில் போனவர்களின் வீடுகளில் அதுவும் இல்லை. அதே வருடம் செப்டெம்பர் 5 ஆம் திகதி வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 தமிழர்களை இராணுவம் கொண்டுபோனது. அவர்களும் திரும்பவில்லை. 2004 சுனாமி எடுத்தவர்களிலும் ஜனாஸா கிடைக்காதவர்கள் உண்டு. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்களை எண்ணி முடியாது.

எங்கள் சிறுவயதில் அயலில் ஒரு மாமி இருந்தா. ரமழான் இருபத்தேழில் அவவுக்கு ஒரு தடுமாற்றம் வரும். கணவருக்காக யாஸீன் ஓதி ஹதியா செய்வதா, நீண்ட ஆயுளுக்கு துஆக் கேட்பதா? யாஸீன் ஓதினால் நானே அவரை மௌத்தாக்கினது மாதிரி ஆகிடுமே என்பா. அவ இத்தாவும் இருக்கவில்லை, மறுமணமும் முடிக்கவில்லை. கல்யாண வீட்டில் முன்வரிசைக்கு வரமாட்டா. ஒருவரும் அவவைத் தடுக்கவில்லை. வாங்க என்று கூப்பிடவும் இல்லை.

அரசாங்கம் 2016 இல்தான் காணாமல்போனவருக்கு மரணச் சான்றிதழ் இல்லாமலே வேறொரு சான்றிதழ் கொடுக்கச் சட்டம் செய்தது. அதே வருடம் காணாமல்போனோர் அலுவலகத்துக்கான சட்டமும் வந்தது. அந்த மாமிக்கு அது இருபத்தாறு வருடம் பிந்தியது. உமர் (றழி) நான்கு வருடத்தில் செய்த வேலை.

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறோம். மகள், நீ எழுதியது சரி. கதையின் முடிவில் அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் கதையின் நடுவைப் பார். கேட்டதே அவள்தான். ஊர் என்ன சொல்லும் என்று பாராமல் கலீபாவின் முன்னால் போய் நின்று, ஒரு தடவையல்ல, இரண்டு தடவை கேட்டாள். அவள் கேட்டதால்தான் தீர்ப்பு வந்தது, ஆயிரத்து நானூறு வருடமாக இமாம்கள் அதைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவளுடைய பெயர் எங்களுக்குத் தெரியாது. நாங்கள் பிள்ளைகளுக்குக் கணவனின் பெயரைத்தான் வைத்தோம்.

உமரின் (றழி) நடைமுறையில் இரண்டு விடயம் எங்களைத் தொடுகிறது. ஒன்று, காத்திருப்புக்கு எல்லை வைத்தார்கள். ஆயுள் முழுதும் காத்திரு என்று அவளிடம் சொல்லவில்லை. மற்றது, ஒவ்வொரு முறையும் அவளுடைய சனங்களைக் கூப்பிட்டுச் சாட்சி கேட்டார்கள். அந்தச் சனங்கள் வந்து, ஆம், இவள் சொல்வது உண்மை என்றார்கள். அந்த இடத்தில்தான் நாங்கள் தவறிவிட்டோம் என்று நினைக்கிறோம். எங்கள் ஊர்ப் பெண்கள் காதி வாசலுக்கும் பொலிஸுக்கும் ஆணைக்குழுக்களுக்கும் அலைந்தபோது கூடப் போய் நின்ற சனங்கள் எத்தனை பேர்? "அவர் வந்திட்டா என்ன செய்வாய்?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். மறுமணம் முடித்தவளுக்கு ஒரு பேச்சு, முடிக்காதவளுக்கு வேறொரு பேச்சு.

இன்று அந்தப் பெண்கள் பலருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அவர்களுக்கு இனித் தேவைப்படுவது மாப்பிள்ளை அல்ல. ஒரு செய்தி வேண்டும். தோண்டிப் பார்த்து, கிடைப்பதைக் கபனிட்டுத் தொழுது அடக்க ஒரு இடம் வேண்டும். அதைக் கேட்கிற குடும்பங்களோடு ஊரும் சேர்ந்து போக வேண்டும். நாளை கடலுக்குப் போன ஒருவர் திரும்பாவிட்டால் அவருடைய வீட்டுக்காரிக்கு நான்கு வருடத்தில் வழி என்ன என்பதை உலமாக்களும் காதிமாரும் இப்போதே தெளிவாகச் சொல்லி வைக்க வேண்டும்.

உங்கள் வீட்டு மூத்தவர்கள் தமீம் அன்சாரி கதையை எப்படிச் சொன்னார்கள் என்று எழுதுங்கள். முக்கியமாக, அந்தப் பெண்ணுக்கு யாராவது ஒரு பெயர் சொல்லியிருந்தால் எழுதுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

வஸ்ஸலாம்.