ஆயிரம் பக்கப் புத்தகமும் ஒரு சைக்கிள் டைனமோவும்

1990இல் போர் மீண்டும் வெடித்த பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. தடைசெய்யப்பட்ட பொருட்களில் பற்றரியும் ஒன்று. ஆனால் செய்தி கேட்காமல் இருக்க முடியாது. எங்கே சண்டை, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதை அறிந்துதான் மறுநாளைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ தரும் மின்னில் றேடியோவை இயக்கி, சனங்கள் பி.பி.சி. தமிழோசை கேட்டார்கள்.

இந்தக் கதை எங்களில் பலருக்குத் தெரியும். தாக்குப்பிடித்து வாழ்ந்ததற்கு அடையாளமாக அதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். அந்த டைனமோவுக்கும் றேடியோவுக்கும் இடையில் என்ன இருந்தது, அது ஏன் வேலை செய்தது என்று கேட்பவர்கள் குறைவு. இலத்திரனியலைச் சொந்தமாகப் படிக்க விரும்பும் ஒருவருக்கு இதைவிட நல்ல முதற்பாடம் கிடைப்பது அரிது.

நான் ஊடகக் கற்கை படித்தவன். விஞ்ஞானத்தோடு இருந்த தொடர்பு சாதாரண தரத்துடன் முடிந்தது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு நடந்தபோதுதான், வீட்டில் ஒரு விளக்கையாவது நானே எரியவைக்க வேண்டும் என்று ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தேன். அதன் பெயர் ‘பிரக்ரிக்கல் எலெக்ரோனிக்ஸ் போர் இன்வென்ரர்ஸ்’. எழுதியவர்கள் போல் ஷேர்ஸ், சைமன் மொங்க். 2016இல் வந்த நான்காம் பதிப்பு ஆயிரம் பக்கங்களைத் தாண்டும். இதே துறையில் இன்னொரு பெரும் புத்தகம், போல் ஹொரோவிற்ஸும் வின்பீல்ட் ஹில்லும் எழுதிய ‘தி ஆர்ட் ஒவ் எலெக்ரோனிக்ஸ்’. 1980இல் முதற்பதிப்பாக வந்து, 2015இல் மூன்றாம் பதிப்பைக் கண்டது. அது பல்கலைக்கழக வகுப்பிலிருந்து பிறந்தது. ஆரம்பிப்பவருக்கு முன்னையதே இலகு.

எங்கிருந்து தொடங்குவது?

இப்படியான புத்தகத்தை முதற்பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இரண்டாம் அத்தியாயத்திலேயே நின்றுவிடுவார்கள். அது முழுவதும் கோட்பாடு. இருநூறு பக்கங்களுக்கு மேல் நீளும். இது ஓர் உசாத்துணை நூல். அகராதியைப் போல, தேவை வரும்போது திறக்க வேண்டியது. அதற்கு முதலில் கையில் ஒரு கேள்வி இருக்க வேண்டும். என் கேள்வி, அந்த டைனமோ றேடியோ எப்படி வேலை செய்தது என்பது.

டைனமோவுக்குள் ஒரு காந்தம் சுருளுக்கு நடுவே சுழல்கிறது. அதிலிருந்து வருவது திசை மாறி மாறி ஓடும் மின். எங்கள் பாடநூல்கள் இதை ஆடலோட்டம் என்கின்றன. றேடியோவுக்கோ பற்றரி தருவதைப் போல ஒரே திசையில் ஓடும் நேரோட்டம் வேண்டும். இந்த மாற்றத்தைச் செய்வது, கடைகளில் டயோட் என்று கேட்டு வாங்கும் இருவாயி. அது மின்னை ஒரு பக்கம் மட்டும் விடும். நான்கு இருவாயிகளைச் சதுரமாகக் கோத்தால் அலையின் இரண்டு பாதிகளும் ஒரே திசைக்குத் திரும்பும். இதுதான் பாலச் சீராக்கி. ஒன்று என் நான்காயிரத்து ஏழு எனப்படும் சாதாரண இருவாயி 1 அம்பியரைத் தாங்கும். சைக்கிள் டைனமோ தருவது அதில் அரைவாசி.

இனிக் கணக்கு. டைனமோவில் 6 வோல்ற், 3 வாற் என்று எழுதியிருக்கும். அலை சீரானது என்று கொண்டால் 6 வோல்ற் ஆடலோட்டத்தின் உச்சம் ஏறத்தாழ 8.5 வோல்ற். ஒவ்வொரு இருவாயியும் சுமார் 0.7 வோல்ற்றை எடுத்துக்கொள்ளும். எந்த நேரத்திலும் மின் இரண்டு இருவாயிகளைக் கடப்பதால் 1.4 வோல்ற் போய்விடும். மிஞ்சுவது ஏறத்தாழ 7.1 வோல்ற்.

இந்த மின் ஒரே திசையில் ஓடினாலும் துடித்துத் துடித்துத்தான் வரும். றேடியோவில் அது இரைச்சலாகக் கேட்கும். இங்கே கொள்ளளவி, அதாவது கப்பாசிற்றர் தேவை. தோட்டக் கிணற்றடித் தொட்டியை நினைத்துப் பாருங்கள். இறைக்கும் நீர் விட்டுவிட்டு விழுந்தாலும், தொட்டி வழியாகப் போகும்போது வாய்க்காலில் சீராக ஓடும். தொட்டி சிறிதென்றால் நீர்மட்டம் ஏறி இறங்கும். 100 மில்லி அம்பியர் இழுக்கும் றேடியோவுக்கு 10 மில்லி செக்கனுக்கு ஒருமுறை உச்சம் வருகிறது என்றால், 1000 மைக்ரோபரட் கொள்ளளவியில் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 1 வோல்ற். கொள்ளளவியை இரட்டித்தால் அது பாதியாகும்.

‘வேகமாகச் சுற்றாதே’

டைனமோ சுற்றிய பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது இது. வேகம் கூடினால் றேடியோ பழுதாகிவிடும். அதன் காரணத்தைப் புத்தகத்தோடு இருந்து யோசித்தபோதுதான் புரிந்துகொண்டேன். டைனமோவில் எழுதியிருக்கும் 6 வோல்ற், 3 வாற் மின்குமிழ் எரியும்போது மட்டுமே செல்லும். சின்ன றேடியோ அதில் சிறு பங்கைத்தான் இழுக்கும். சுமை குறையும்போது வோல்ற்றளவு வேகத்தோடு ஏறும். 6ஐப் பல மடங்கு தாண்டவும் கூடும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சைக்கிளின் முன்விளக்கையும் சேர்த்தே எரியவிடுவது. மிச்ச மின்னை அது குடித்துவிடும். மற்றது, செனர் இருவாயி. குறித்த வோல்ற்றளவைத் தாண்டியதும் அது மிகுதியைத் தன் வழியாக விட்டுவிடும். இங்கே டைனமோவின் இன்னொரு குணம் உதவுகிறது. எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அதன் சுருளே மின்னோட்டத்தை ஏறத்தாழ அரை அம்பியருக்குள் மட்டுப்படுத்திவிடும். 6.2 வோல்ற்றை அரை அம்பியரால் பெருக்கினால் 3.1 வாற். ஆகவே 5 வாற் செனர் ஒன்று போதும்.

ஒரே ஒரு றேடியோவைப் பின்தொடர்ந்து போனதில் ஆடலோட்டம், குறைகடத்தி, கொள்ளளவி, மின்வழங்கி ஆகிய நான்கு பகுதிகளைப் புத்தகத்தில் தொட்டாகிவிட்டது. முன்பு பயமுறுத்திய கோட்பாட்டுப் பக்கங்கள் இப்போது கேட்ட கேள்விக்குப் பதில்களாகத் தெரியும்.

மொழியும் கருவியும்

புத்தகம் ஆங்கிலத்தில் இருப்பது பலருக்குத் தடை. ஆனால் எங்களிடம் தமிழிலும் அடித்தளம் இருக்கிறது. 11ஆம் தர விஞ்ஞானப் பாடநூலில் இலத்திரனியல் ஓர் அலகு. உயர்தரப் பௌதிகவியலிலும் உண்டு. அவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு கொப்பியில் மூன்று நிரல் போடுங்கள்: புத்தகச் சொல், பாடநூற்சொல், கடைச்சொல். தடையியும் ரெசிஸ்ரரும் ஒன்றே, சீராக்கியும் ரெக்ரிபயரும் ஒன்றே என்று தெரிந்த பிறகு பாதிச் சிரமம் குறைந்துவிடும்.

தொடங்குவதற்கு ஒரு பல்மானி, துளையிட்ட பிரெட்போட், 9 வோல்ற் பற்றரி, சில தடையிகள், எல்.ஈ.டி. விளக்குகள் போதும். பற்றாசு வேலை பிறகு பழகலாம். முதற்பயிற்சியாக 9 வோல்ற்றில் ஒரு சிவப்பு எல்.ஈ.டி.யை எரியவையுங்கள். அது ஏறத்தாழ 2 வோல்ற்றை எடுக்கும். மிச்சம் 7 வோல்ற். 15 மில்லி அம்பியர் ஓட வேண்டுமானால் 7ஐ 0.015ஆல் பிரியுங்கள், 467 ஓம் வரும். கடையில் கிடைப்பது 470 ஓம். அதன் நிறப்பட்டிகள் மஞ்சள், ஊதா, கபிலம். எரியவைத்த பின் பல்மானியால் ஒவ்வொரு இடத்திலும் அளந்து கணக்கோடு ஒப்பிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். உருளை வடிவ மின்பகு கொள்ளளவியை நேர், மறை மாற்றி இணைத்தால் அது வெடிக்கலாம். வீட்டுச் சுவரிலிருந்து வரும் 230 வோல்ற் உயிரைப் பறிக்கும். ஆரம்பத்தில் பற்றரியோடு மட்டும் பழகுங்கள்.

கைகளில் இருந்த அறிவு

எங்கள் பகுதிகளில் இந்தப் படிப்புக்கு இன்னொரு தடையும் இருந்தது. வயர், பற்றரி, சேர்க்கிட் துண்டு வைத்திருப்பதே சந்தேகத்தைக் கொண்டுவரும் என்று பெற்றோர் பயந்த ஆண்டுகள் அவை. ஆர்வத்தோடு எதையாவது கழற்றிப் பார்க்கும் பிள்ளையிடமிருந்து அதைப் பறித்து ஒளித்து வைத்தார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. சோதனைச் சாவடியில் விளக்கம் சொல்வதற்கு எப்போதும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. பொருட்தடை உதிரிப்பாகங்களை மறித்தது. இந்தப் பயம் பிள்ளைகளின் கையை மறித்தது.

அதையும் மீறி றேடியோ திருத்தியவர்களும், டைனமோவுக்கு இருவாயி கோத்துக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். அவர்களில் பலர் ஒரு சுற்றைக்கூடக் கடதாசியில் வரைந்து வைக்கவில்லை. பழைய பலகையிலிருந்து கழற்றிய பாகத்தை எப்படித் தெரிவு செய்தார்கள், எதை எதற்குப் பதிலாகப் போட்டார்கள் என்பது எந்தப் பெரும் புத்தகத்திலும் இல்லை. இடப்பெயர்வுகளில் கருவிப் பெட்டிகள் தொலைந்தன, ஆட்களும் தொலைந்தார்கள். மிஞ்சியவர்களுக்கு இன்று வயதாகிவிட்டது.

உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால், ஒரு கொப்பியும் பேனையும் கொண்டு போங்கள். ஐயா, அந்தச் சுற்றை ஒருக்கா கீறிக் காட்டுங்கோ என்று கேளுங்கள். அவர் கீறியதைப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, பிரெட்போட்டில் கட்டிப் பாருங்கள். வேலை செய்தால் பெயர், ஊர், ஆண்டு போட்டுப் பத்திரப்படுத்துங்கள். வேலை செய்யாவிட்டால் அதையும் அவரிடமே கொண்டு போங்கள். என்ன விடுபட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.